சரஸ்வதி பூஜையன்று ஒரு கேள்வி

சென்ற வருஷம் சரஸ்வதி பூஜையன்று காலையில், பூஜைக்கு உரிய சாமான்களை நாம் அடுக்கிக்கொண்டிருந்தோம். நமது பாலிய காலத்தில் இந்த வேலை மிகவும் சுலபமாக இருந்தது. நாலைந்து பாடப் புத்தகங்கள், ஒரு ஸ்லேட்டு, ஒரு பேனா, பாட்டியின் கிழிந்த ராமாயணம் ஆகியவற்றை அடுக்கி, மேலே ஒரு பட்டுத் துணியைப் போர்த்திச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால் தீர்ந்தது.

இப்போது அப்படி இல்லை. எட்டு வயது நிரம்பிய நமது சின்னவளின் பாடப் புத்தகங்களை முதலில் வைத்தோம். அதன் மேல் அவளுடைய பரத நாட்டியச் சலங்கை, அதன் பக்கத்தில் அபாகஸ் மணிச்சட்டம், அப்புறம் ஹிந்திப் பரீட்சைப் புத்தகம், சதுரங்கப் பலகை, கராத்தே இடுப்புப் பட்டை, பாட்டு நோட்டு, சுருதிப் பெட்டி. பத்து வயதான பெரியவனுடைய பங்குக்குச் சதுரங்கக் கடிகாரமும், பந்தயங்களில் பெற்ற மூன்று கோப்பைகளும் வந்து சேர்ந்தன. எல்லாவற்றையும் அடுக்கி முடித்துப் பார்த்தபோது, சரஸ்வதி தேவியின் படம் கண்ணுக்குத் தெரியவில்லை.

எப்படியோ தேவியை ஓர் ஓரமாக வெளியே எடுத்து வைத்துப் பூஜையை முடித்தோம். சுண்டல் விநியோகமும் ஆயிற்று. அன்று ஒரு நாள் புத்தகத்தைத் தொடக் கூடாது என்பது சாஸ்திரமோ, வெறும் சம்பிரதாயமோ, நாம் அறியோம். ஆனால், தமிழ்நாட்டுக் குழந்தைகள் விவாதம் எதுவுமின்றி ஒருமனதாக ஒப்புக்கொண்ட சாஸ்திரம் அது ஒன்றுதான். நாமெல்லாம் அந்த ஒரு நாளுக்காக வருஷம் முழுவதும் காத்திருந்தவர்கள்.

சின்னவள் சுண்டலைத் தின்று முடித்துவிட்டு நமது நாற்காலியருகில் வந்து நின்றாள்.

“அப்பா, இன்னிக்கு எனக்கு என்ன கிளாஸ்?”

ஒன்றும் இல்லை, போய் விளையாடலாம் என்று நாம் சொன்னோம். அவள் போகவில்லை. சற்று யோசித்துவிட்டு, “விளையாட எத்தனை மணிக்குப் போகணும்? யார் கொண்டுபோய் விடுவாங்க?” என்று கேட்டாள்.

குழந்தையின் கேள்வியில் பரிகாசம் லவலேசமும் இல்லை. பரிகாசமாயிருந்தால் நாமும் சிரித்துவிட்டுச் செய்தித்தாளைப் புரட்டியிருப்போம். விளையாட்டும் ஒரு வகுப்பு. அதற்கும் ஒரு மணி உண்டு, ஒரு மாஸ்டர் உண்டு, ஸ்கூட்டரில் ஏற்றிப்போய் இறக்கிவிட ஒரு தகப்பன் உண்டு என்று அவள் உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கையை அவளுக்கு ஊட்டியவர் நாமேதான்.

நாம் குடியிருப்பது வேலப்பன்சாவடியில். சென்னையிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் நெடுஞ்சாலையில் மதுரவாயலையும் வானகரத்தையும் கடந்து வந்தால் நமது ஊர். சாவடி என்றால் வழிப்போக்கர்கள் மூட்டையை இறக்கி வைத்து இளைப்பாறும் இடம். பூந்தமல்லியை நெருங்கும்போது குமணன்சாவடி என்று இன்னொன்றும் உண்டு. பெயர்களைப் பார்த்தால், இந்தச் சாலையில் நடந்தவர்கள் அவசரக்காரர்கள் அல்ல என்று தோன்றுகிறது. இப்போது சாவடி பெயரில் மட்டுமே இருக்கிறது. லாரிகளும் பஸ்களும் கல்லூரி வண்டிகளும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகும் இந்தச் சாலையில், ஒரு குழந்தையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வாரத்துக்கு எட்டு முறை நாம் போய்வந்து கொண்டிருந்தோம். திங்களும் புதனும் பரதம், செவ்வாயும் வியாழனும் அபாகஸ், வெள்ளி ஹிந்தி, சனி காலை சதுரங்கம், சனி மாலை கராத்தே, ஞாயிறு பாட்டு.

ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு நியாயம் இருந்தது. பரதம் உடம்புக்கும் கலைக்கும் நல்லது. அபாகஸ் கணக்குக்கு நல்லது. ஹிந்தி, பிற்காலத்தில் வடக்கே உத்தியோகம் கிடைத்தால் உதவும். சதுரங்கம், அண்ணன் ஆடுகிறானே என்பதற்காக. கராத்தே, பெண் குழந்தை தைரியசாலியாக வளர வேண்டும் என்பதற்காக. பாட்டு, நமது சகதர்மிணிக்குச் சிறு வயதில் கற்றுக்கொள்ள வாய்க்கவில்லை என்பதற்காக. தனித்தனியே எடுத்துப் பார்த்தால் ஒன்றையும் தவறென்று சொல்ல முடியாது. சர்க்கரைப் பொங்கல் நல்லதுதான், வடையும் நல்லதுதான், பாயசமும் நல்லதுதான். மூன்றையும் மூன்று வேளையும் ஒரே குழந்தைக்கு ஊட்டினால் வைத்தியரைத் தேடிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

அன்று இரவு ஒரு காகிதத்தை எடுத்து நாம் கணக்குப் போட்டோம். வருமானத்துக்கும் செலவுக்கும் மாதந்தோறும் கணக்குப் போடுகிறவர்கள், குழந்தையின் நாளுக்கு ஒரு தடவையாவது கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. நாளொன்றுக்கு 24 மணி. பள்ளிக்கூடமும் பள்ளிக்கூட பஸ்ஸும் காலை ஏழு முதல் மாலை நாலு வரை, 9 மணி. தூக்கம் 10 மணி. குளியல், சாப்பாடு, தலை வாருதல் எல்லாம் சேர்ந்து 2 மணி. வீட்டுப் பாடம் 1 மணி. ஆக, 22 மணி போயிற்று. மிச்சம் 2 மணி. வகுப்பு ஒரு மணியும் போக்குவரத்து அரை மணியுமாக அதிலிருந்து ஒன்றரை மணியைக் கழித்தால், குழந்தைக்குச் சொந்தமென்று நிற்பது அரை மணி. அந்த அரை மணியும் வானகரத்து நெரிசலில் கரைந்துவிடும். வீட்டுப் பாடம் நீளும், சாப்பாடு தாமதமாகும், படுக்கைக்குப் போகப் பத்து மணியாகும், காலை ஆறு மணிக்கு எழுப்பியாக வேண்டும். பத்து மணித் தூக்கம் எட்டாகச் சுருங்கியிருந்தது. 6 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகள் நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரம் தூங்க வேண்டுமென்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-ல் வரையறுத்திருக்கிறது. நமது சின்னவள் அந்தக் கீழ் எல்லையைக்கூட எட்டவில்லை.

இதற்கு அத்தாட்சியும் நமது கையில் இருந்தது. நாம்தான் அதைப் படிக்கவில்லை. பூஜைக்கு ஒரு மாதத்துக்கு முன்னால், தூறல் விழுந்த ஒரு வியாழக்கிழமை மாலை, ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்த குழந்தை தூங்கிவிட்டாள். நமது இடுப்பைப் பிடித்திருந்த கை தளர்ந்ததை நாம் உணரவில்லை. பக்கத்தில் வந்த ஒரு புண்ணியவான் கூச்சலிட்டதால் வண்டியை நிறுத்தினோம். அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாள்; பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. மறு நாளிலிருந்து அதற்கு ஒரு பரிகாரம் கண்டுபிடித்தோம். அவளுடைய அம்மாவின் துப்பட்டா ஒன்றால் குழந்தையை நமது இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டோம். தூங்குகிற குழந்தையை வகுப்பிலிருந்து நிறுத்த வேண்டும் என்று தோன்றவில்லை. வண்டியோடு கட்ட வேண்டும் என்றுதான் தோன்றியது. வாசகர்கள் நம்மைப் பற்றி என்ன அபிப்பிராயம் கொண்டாலும் அதை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டியதே.

பாடத்துக்குப் புறம்பான வித்தைகளை நாம் துச்சமாக எண்ணுகிறோம் என்று யாரும் கருத வேண்டாம். அப்படிப்பட்ட வித்தை சோறு போடும் என்பதற்கு நமது பக்கத்திலேயே புராதனமான சாட்சி இருக்கிறது. திருவேற்காட்டில் அவதரித்த மூர்க்க நாயனார், கைப்பொருள் தீர்ந்த பின்பு சூதாடிப் பொருள் ஈட்டி, அதைக்கொண்டு சிவனடியார்களுக்கு அன்னமிட்டார் என்று பெரிய புராணம் கூறுகிறது. அதைக் கற்பிக்கும் வகுப்பு மட்டும் இந்த வட்டாரத்தில் இன்னும் விளம்பரம் செய்யப்படவில்லை!

மகாத்மா காந்தி 1937-ல் வார்தாவில் கூட்டிய கல்வி மகாநாட்டில், குழந்தையின் கல்வி கைத்தொழிலை மையமாகக் கொண்டிருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். புத்தகம் வேறு, கை வேலை வேறு என்று பிரித்ததே தவறு என்பது அவருடைய கொள்கை. 2020-ல் வெளியான தேசியக் கல்விக் கொள்கையும், பாடம் என்றும் பாடத்துக்குப் புறம்பானது என்றும் கடுமையான வேலி போடலாகாது என்று சொல்லியிருக்கிறது. நாம் செய்த காரியம் என்னவென்றால், வேலியை எடுப்பதாக நினைத்துக்கொண்டு, வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்த பூந்தோட்டத்தையும் பாடமாக்கிவிட்டோம். நாட்டியத்துக்குப் பரீட்சை; பாட்டுக்குப் பரீட்சை; கராத்தேயில் பட்டையின் நிறம் மாறுவதற்கும் பரீட்சை. பாரதியார் தமது பாப்பாவின் நாளைப் பங்கிட்டபோது மாலைப் பொழுதை விளையாட்டுக்கென்றே ஒதுக்கினார். ஐக்கிய நாடுகள் சபை 1989-ல் நிறைவேற்றிய குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு, ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமைகளென்று சொல்கிறது. இந்தியா 1992-ல் அதை ஏற்றுக்கொண்டது. தேசம் ஏற்றுக்கொண்டதை நமது வீடு ஏற்றுக்கொள்ள இத்தனை காலம் பிடித்தது.

இன்னொரு பழைய சம்பவமும் நமது ஞாபகத்துக்கு வந்தது. 1953-ல் ராஜாஜி அரசாங்கம் கிராமப் பள்ளிகளில் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. குழந்தைகளுக்கு நாளில் மூன்று மணி நேரம் பள்ளிக்கூடம். மற்ற நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று அதற்குப் பெயர் ஏற்பட்டு, நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பி, 1954-ல் காமராஜ் அரசாங்கம் அதைக் கைவிட்டது. கை வேலை கற்பது நல்லதுதான். ஆனால் எந்தக் குழந்தை எதைக் கற்பது என்பதைப் பிறப்பு நிர்ணயிக்கலாகாது என்பதே அதன் தாத்பரியம். அப்படியானால், தாயாரின் நிறைவேறாத ஆசை ஒரு குழந்தையின் ஞாயிற்றுக்கிழமையை நிர்ணயிக்கலாமா? தகப்பனாரின் அசூயை அதன் சனிக்கிழமையை நிர்ணயிக்கலாமா?

அசூயை என்று நாம் சொன்னதற்குக் காரணம் உண்டு. நமது ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது மேல் அயனம்பாக்கம். அங்குள்ள வேலம்மாள் வித்யாலயா பள்ளியில்தான் குகேஷ் 2013-ல், தமது ஏழாவது வயதில், சதுரங்கம் கற்கத் தொடங்கினார். 2019-ல் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது அவருக்கு வயது 12. 2024 டிசம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரெனைத் தோற்கடித்து, 18-ஆவது வயதில் உலக சாம்பியன் ஆனார். அம்பத்தூர்ப் பக்கத்துப் பாடியில் வளர்ந்த வைஷாலி, பிரக்ஞானந்தா என்ற அக்கா தம்பி இருவரும் கிராண்ட்மாஸ்டர்கள். உலகத்திலேயே முதன்முதலாக இருவரும் கிராண்ட்மாஸ்டர்களான சகோதரி சகோதரர் ஜோடி அவர்கள் என்ற பெருமை 2023 டிசம்பரில் கிடைத்தது. இதைக் கேட்டுப் பூரிக்காத தமிழர் இருக்க முடியாது. அந்தப் பூரிப்போடுகூட, “நமது பையனும் இதே தண்ணீரைத்தானே குடிக்கிறான்?” என்ற எண்ணம் எழாத தகப்பனாரும் இந்த வட்டாரத்தில் இருக்க முடியாது.

சென்ற கோடை விடுமுறையில் அந்த எண்ணத்துக்குச் சோதனை வந்தது. பெரியவனுக்குச் சதுரங்கம் சொல்லித்தரும் மாஸ்டர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர். “பையனிடம் விஷயம் இருக்கிறது, சார். வரும் வருஷம் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு முழு நேரமும் ஆட விடுங்கள். ஊர் ஊராகப் பந்தயங்களுக்கு அழைத்துப் போங்கள். இப்போது விட்டால் அப்புறம் பிடிக்க முடியாது” என்றார். இரண்டு இரவுகள் நமக்குத் தூக்கம் வரவில்லை. மூன்றாவது நாள், குகேஷின் கதையை ஆதாரம் காட்டி, நமது சகதர்மிணியிடம் விஷயத்தை எடுத்தோம். நாலாம் வகுப்புக்குப் பிறகு அவர் முழு நேரப் பள்ளிப் படிப்பை நிறுத்தியதையும், காது மூக்குத் தொண்டை வைத்தியரான அவருடைய தகப்பனார் தொழிலை நிறுத்திவிட்டு மகனுடன் உலகமெங்கும் சென்றதையும், தாயாரின் சம்பாத்தியம் குடும்பத்தைத் தாங்கியதையும் உருக்கமாக வர்ணித்தோம்.

அவள் முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு, “அந்த வீட்டிலே அப்பா வேலையை விட்டார். நம்ம வீட்டிலே யார் விடறது? நீங்களா, நானா?” என்றாள்.

நாம் பதில் சொல்லாமல் இருந்தோம். சொல்லாமல் இருந்ததே பதிலாயிற்று. அவளுடைய உத்தியோகத்தைத்தான் நாம் மனத்துக்குள் ராஜிநாமாச் செய்திருந்தோம். அதை அவளிடம் தெரிவிக்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு இருவரும் சேர்ந்து நிதானமாக யோசித்தோம். சாம்பியன்களின் கதைகளை நாம் அரைகுறையாகவே படிக்கிறோம் என்பது அப்போதுதான் புலப்பட்டது. குகேஷ் தொடங்கியது வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேர வகுப்பில். முழு நேரம் என்பது பின்னால் வந்தது. ஆட்டம் அவரை இழுத்துக்கொண்டு போன பிறகு வந்தது. வைஷாலியைப் பெற்றோர் சதுரங்கத்தில் சேர்த்தது தொலைக்காட்சி பார்ப்பதைக் குறைக்கத்தான். அக்கா ஆடுவதைப் பார்த்துத் தம்பி தானாகவே பலகையருகில் வந்தார். விசுவநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தாயார் சுசீலா. 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன ஆனந்த், லயோலா கல்லூரியில் வணிகவியல் பட்டமும் பெற்றார். ஆகவே, பள்ளிக்கூடத்தை விட்டவரும் வென்றிருக்கிறார். கல்லூரியை முடித்தவரும் வென்றிருக்கிறார். மூன்று வீடுகளுக்கும் பொதுவாக இருப்பது, குழந்தையின் ஆசை முந்தியது, பெற்றோரின் தியாகம் பிந்தியது என்பதுதான். நாமோ தியாகத்தை முதலில் செய்துவிட்டு, ஆசை பின்னால் வரட்டும் என்று காத்திருக்கத் திட்டமிட்டோம். இன்னொன்றும் உண்டு. 2024-ஆம் வருஷ முடிவில் இந்தியா முழுவதிலும் கிராண்ட்மாஸ்டர்கள் நூறு பேர்கூட இல்லை. ஆடப் புகுந்து, படிப்பையும் விட்டு, வழியில் நின்றுபோன குழந்தைகளைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை.

கடைசியில், முதலில் கேட்டிருக்க வேண்டியவனைக் கேட்டோம். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஆட உனக்கு இஷ்டமா என்று பெரியவனைக் கேட்டபோது, அவன் வெகு நேரம் ஒரு குதிரைக் காயை விரலால் சுழற்றிக்கொண்டிருந்தான்.

“செஸ் பிடிக்கும்ப்பா. டோர்னமென்ட்தான் பிடிக்கலை.”

ஏன் என்று கேட்டோம்.

“தோத்துட்டா உங்க முகம் மாறிடுது. வர்ற வழியெல்லாம் பேச மாட்டேங்கறீங்க.”

நாம் ஒருநாளும் அவனை அடித்ததில்லை; ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அதைப் பற்றி நமக்குள் கர்வமும் இருந்தது. ஆனால், பத்து வயதுப் பையன் அறுபத்து நாலு கட்டங்களைப் படிப்பதுபோல் தகப்பன் முகத்தையும் படித்துக்கொண்டிருந்தான். அவன் பயந்தது எதிராளியின் ராணிக்கு அல்ல.

பெரியவன் பள்ளிக்கூடத்திலேயே படிக்கட்டும் என்று முடிவு செய்தோம். வாரம் இரண்டு நாள் சதுரங்க வகுப்பு. அவனே கேட்டால் விடுமுறையில் ஒரு பந்தயம். 14 வயதில் அவனாகவே வந்து கேட்பானாகில் மறுபடியும் யோசிப்போம். அப்போது வேலையை விடுவது யார் என்பதையும் திருவுளச்சீட்டுப் போட்டுத் தீர்மானிப்போம். இதனால் ஒரு கதவைச் சாத்திவிட்டோமா? ஒருக்கால் சாத்தியிருக்கலாம். நாலு வருஷம் கழித்து அவன் நம்மைக் கேட்டால், இதையே பதிலாகச் சொல்ல நாம் ஆயத்தமாயிருக்கிறோம்.

இந்த அனுபவத்திலிருந்து நமது வீட்டுக்கென்று சில விதிகளை வகுத்துக்கொண்டோம். வேறு வீடுகளுக்கும் பிரயோஜனப்படுமானால் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, பள்ளிக்கூடமே புதிதாயிருக்கும் சிறு பிராயத்தில், அதாவது ஆறு வயது வரையில், வகுப்பு என்ற பேச்சே வேண்டாம். மணலும் தண்ணீரும் பாட்டியின் கதையும் போதும்.

இரண்டாவது, அதன் பிறகு பன்னிரண்டு வயது வரையில் இரண்டுக்கு மேல் வேண்டாம். உடம்பு அசைவதற்கு ஒன்று. மனமோ கையோ பழகுவதற்கு ஒன்று. இரண்டும் சேர்ந்து வாரத்தில் நாலு மணி நேரத்துக்குள் அடங்கட்டும். வாரத்தில் மூன்று மாலைகளாவது வெறுமையாக இருக்கட்டும்.

மூன்றாவது, தேர்ந்தெடுப்பது குழந்தை. ஆனால், தேர்ந்தெடுத்ததை ஒரு விஜயதசமி முதல் மறு விஜயதசமி வரையில் விடக் கூடாது. எந்த வித்தையிலும் ஆரம்பம் சலிப்பூட்டுவதே. சரளி வரிசையிலேயே சங்கீதத்தின் இன்பத்தைக் கண்டவர் யாரும் இல்லை. பிடிக்கவில்லை என்ற சொல்லை இரண்டாவது வாரம் நம்ப வேண்டாம். இரண்டாவது வருஷம் நம்புங்கள். இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. குழந்தை ஆசிரியரைக் கண்டு அஞ்சுமானால், காரணத்தை அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம், அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

நாலாவது, தூக்கத்திலும் சாப்பாட்டிலும் கை வைக்கலாகாது. விளையாட்டுப் பயிற்சியிலும் அளவு உண்டு. ஒரு குழந்தையின் வயது எத்தனையோ, வாரத்தில் அத்தனை மணிக்கு மேல் பயிற்சி செய்யும்போது காயங்கள் அதிகமாகின்றன என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு வேண்டும் என்றும், பெரும்பாலான விளையாட்டுகளில் ஒன்றையே பற்றிக்கொள்வதை 15, 16 வயது வரையில் தள்ளிப்போடுவது நலம் என்றும் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம் 2016-ல் ஆலோசனை கூறியது.

ஐந்தாவது, கடன் வாங்கிக் கலை வளர்க்க வேண்டாம். நமது மாதச் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கு இந்த வகுப்புகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. அரசாங்கத்தின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பாட்டும் பரதமும் ஓவியமும் கற்பிக்கிறார்கள். அதை விசாரிக்கக்கூட நமக்கு முன்பு தோன்றியதில்லை.

இந்த விதிகளை அமலுக்குக் கொண்டுவந்தது சுலபமாக நடந்துவிட்டதென்று எண்ண வேண்டாம். எதை வைத்துக்கொள்கிறாய் என்று சின்னவளைக் கேட்டபோது, பரதமும் இல்லை, பாட்டும் இல்லை, கராத்தே என்றாள். காரணம் கேட்டதற்கு, “அங்கேதான் கத்தலாம்” என்றாள். இரண்டாவது வித்தையை அப்புறம் சொல்வதாகச் சொல்லிவிட்டாள், இன்னும் சொல்லவில்லை. நாமும் நினைவூட்டவில்லை. ஹிந்தியும் அபாகஸும் யாருடைய கண்ணீரும் இன்றி விடைபெற்றன. பாட்டு நோட்டைத் திருப்பி வைத்த அன்று மட்டும் நமது சகதர்மிணி சமையலறையில் வெகு நேரம் இருந்தாள்.

வெறுமையான மாலைகளில் செல்போன் வந்து புகுந்துவிடும் என்று நண்பர்கள் எச்சரித்தார்கள். அவர்கள் சொன்னது மெய்யே. முதல் வாரம் முழுவதும் இரண்டு குழந்தைகளும் அதில்தான் விழுந்து கிடந்தார்கள். அதை எடுத்துப் பீரோவுக்குள் வைத்தோம். நியாயம் என்று நமது செல்போனையும் வைக்கச் சொன்னார்கள், வைத்தோம். அடுத்த பத்து நாள் வீடு போர்க்களமாயிருந்தது. “போரடிக்குது” என்ற சொல்லை எத்தனை தடவை கேட்டோம் என்பதற்குக் கணக்கில்லை. பதினோராம் நாள் சின்னவள் வெளியே போனாள். நமது தெருவில் மைதானம் இல்லை. எதிர் மனையில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது; அங்கே வேலை செய்பவர்களின் குழந்தைகள் மணற்குவியலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வகுப்பு ஒன்றுகூட இல்லை. நமது குழந்தைக்கு எட்டு இருந்தன. ஒருவருக்கு மிகுதியாலும் ஒருவருக்கு இன்மையாலும் குறை. அவர்களிடம் அவள் பாண்டியாட்டம் கற்றுக்கொண்டாள். அவர்களுக்கு இவள் கராத்தேயில் கத்துவது எப்படி என்று கற்றுக்கொடுத்தாள். மணலும் பள்ளமும் உள்ள அந்த மனையில் யாராவது பெரியவர் ஒருவர் கண் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவ்வேலையை நாம் ஏற்றுக்கொண்டோம். ஸ்கூட்டர் ஓட்டுவதைவிட அது சுகமாகவே இருந்தது.

சென்ற வாரம் மறுபடியும் சரஸ்வதி பூஜை வந்தது. இந்தத் தடவை தேவியின் படம் முழுவதும் தெரிந்தது. பூஜை முடிந்ததும் சின்னவளைக் காணோம். எந்தக் கேள்வியும் கேட்காமல் ஓடிவிட்டாள். மறு நாள் விஜயதசமி. புதிய வித்தை தொடங்கும் நாள். தெருவெங்கும் குழந்தைகளுக்குப் புது உடுப்பு உடுத்தி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, வகுப்புகளுக்கு அழைத்துப் போனார்கள். நமது வீட்டிலிருந்தும் ஒரே ஒரு புதிய மாணாக்கர் பாட்டு வகுப்பில் சேர்ந்தார். வயது முப்பத்தெட்டு. பழைய பாட்டு நோட்டையே எடுத்துக்கொண்டு போனார். முதல் பக்கத்தில் மகளின் பெயருக்குக் கீழே தமது பெயரை எழுதிக்கொண்டிருந்தார்.

இப்போது தினந்தோறும் விடியற்காலையில் நமது வீட்டில் சரளி வரிசை கேட்கிறது. சுருதி அநேகமாகச் சேர்வதில்லை. நாம் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். ஏனென்றால், கதவோரத்தில் பெரியவன் நின்றுகொண்டு, அம்மா தப்பாகப் பாடும்போது அப்பாவின் முகம் மாறுகிறதா என்று கவனித்துக்கொண்டிருக்கிறான்.